தர்ப்பையில் செய்த ஊர்

மகன்,

கப்பல் ஏற நாள் குறித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கப்பலைப் பற்றி ஒரு பந்தி, குளிருக்குத் தைப்பித்த கோட்டைப் பற்றி இரண்டு பந்தி, என் சுகத்தைப் பற்றி அரை வரி. எல்லாம் முடிந்து கையெழுத்துக்குக் கீழே, இடம் மிச்சமாய்க் கிடந்ததே என்பதற்காகப்போல, 'என்ரை பொம்மை இன்னும் பிளாட்போமில பெட்டியோட நிக்குதோ' என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமான பதில். இதைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்குக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுதுகிற கடிதங்களில் முதல் பக்கத்தைத் தாண்டி நீ வாசிப்பதில்லை என்று கொழும்பில் உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பொடியனே என்னிடம் சொல்லிவிட்டான். அச்சில் வந்தால் கந்தோரில் கூட வேலைசெய்கிற யாராவது உன் மேசையில் கொண்டுவந்து விரித்துவைப்பார்கள். வெட்கத்துக்காவது கடைசிவரை வாசிப்பாய். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஓமந்தைக்கு வடக்கே, மெயில் கோச்சி வேகத்தைக் குறைக்காமல் போகிற ஒரு சின்ன ரயில் ஸ்டேசன் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு யார் யார் என்று தெரியும். அவர்கள் என்னோடு கோபிக்க இது ஒன்றும் முதற் காரணமாக இருக்காது.

நீ கொழும்புக்கு வேலைக்குப் போனபின் உன் அறைக் கதவை அம்மா சாத்தியே வைத்திருந்தா. இரண்டே இரண்டு கோச்சி நின்றுபோகிற ஸ்டேசனுக்கு மாஸ்டராக இருப்பவனுக்கு மிச்ச நேரமெல்லாம் கொட்டாவிதான். ஒருநாள் கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் இடையில் உன் அலுமாரியைத் திறந்தேன். நெருப்புக் காய்ச்சலில் இருந்து நீ எழும்பியபோது வாங்கித் தந்த விளையாட்டுச் சாவிக் கோச்சி, பெட்டி கலையாமல் இருந்தது. அது ஏன் அவ்வளவு புதிதாக இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ அதைத் தொட்டதே இல்லை. நான் நிலத்தில் படுத்துக்கொண்டு சாவி கொடுத்து ஓட்டுவேன். நீ கம்பளியைப் போர்த்துக்கொண்டு கட்டிலில் இருந்து, "அப்பா, எனக்கும் ஒருக்காத் தாங்கோவன்" என்பாய். "பொறு, சாவி இறுகியிருக்கு" என்பேன். உன் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும்போது இரண்டாக வாங்கு. ஒன்று உனக்கு.

உன் கட்டிலை எடுத்து வெளியே போட்டுவிட்டு, பழைய பாலைப் பலகைக் கதவுகள் இரண்டைப் பக்கம் பக்கமாக மரக்குற்றிகளில் ஏற்றி மேசையாக்கினேன். அதில் எங்கள் ஊரை அப்படியே செய்வது என்று எண்ணம். தண்டவாளம் பெட்டியோடு வந்ததுதான். அதற்குச் சல்லியாகக் குளக்கட்டில் இருந்து மண் கொண்டுவந்து, பெருமணலை வேறாக, சிறுமணலை வேறாக அரித்தேன். "இஞ்சேருங்கோ, மா அரிக்கிற அரிதட்டிலயோ மண் அரிச்சனீங்கள்?" என்று அம்மா குசினியில் இருந்து கேட்டபோது, நான் அடுத்த பிடி மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய பிட்டு என் பல்லுக்குள் பதில் சொன்னது. குளத்துக்கு உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி. கரையில் மெழுகு பூசி, தும்புத்தடியில் வெட்டிய தும்பைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து நாணலாக நட்டேன். வயலுக்கும் அதே தும்புதான், கொஞ்சம் மஞ்சள் கலந்து. நெருப்புப்பெட்டியில் மாட்டுவண்டி. தகரத்தில் ஸ்டேசன் கூரை. கறள் பிடித்த நிறம் வரத் தேயிலைச் சாயம். அளவுதான் எனக்கு வரவில்லை. நான் செய்த முதற் கோழி, பிறகு பக்கத்தில் நிறுத்திய போட்டர் பொம்மையின் இடுப்பளவு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உண்மையான போட்டர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

இதில் ஒன்றை மட்டும் நீ மனதில் படமாக வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளம் ஒரு வட்டம். முன்பக்கம் ஸ்டேசன், வீடுகள், குளம். பின்பக்கம், சுவரோரமாக, ஒரு முழ உயரத்தில் ஒரு நீளப் பலகையை நிறுத்தி, அதில் வீரை, பாலை, முதிரைச் சுள்ளிகளை அடர்த்தியாகக் குத்திக் காடாக்கியிருந்தேன். கோச்சி ஸ்டேசனைக் கடந்து காட்டுக்குப் பின்னால் போய் மறையும். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தால் வெளியே வரும். காட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வெறும் பலகையும் தண்டவாளமும். ஆர் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆட்களைச் செய்வதில்தான் மாட்டிக்கொண்டேன். கம்பியில் செய்தால் கறள் பிடித்தது. ஈர்க்கில் செய்தால் எல்லோரும் பட்டாளத்தார்போல விறைத்து நின்றார்கள். களிமண் ஆட்களின் கால்கள் கோச்சி போகிற அதிர்வில் முறிந்தன. அப்போது, உன் அம்மம்மாவின் திவசத்துக்கு வந்த ஐயர் விட்டுவிட்டுப்போன தர்ப்பைக் கட்டு ஒன்று கூரை இறப்பில் செருகியிருந்ததைக் கண்டேன். தர்ப்பை என்ன அருமையான சாமான் தெரியுமா. வளைத்தால் வளையும், விட்டால் முறியாது, கறையானும் தொடாது. நாலைந்து புல்லைச் சேர்த்து மடித்துத் தலை, கீழே பிரித்துக் கால், குறுக்கே இரண்டு புல்லைக் கட்டிக் கை. மேலே நூல் சுற்றி, மாப்பசை பூசி, அம்மாவின் பழைய சேலைத் துண்டில் உடுப்பு. முகத்துக்கு மெழுகு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எனக்குப் புத்தி அதிகம் என்று எனக்குத் தோன்றுகிற நாட்களில் எல்லாம் ஏதோ ஒரு வில்லங்கம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். உனக்கும் என் இரத்தம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

முதலில் செய்தது இராசையாவை. ஸ்டேசனுக்குக் கிழக்கே, காட்டோரக் காணியில் இருந்த மனிதன்; பின்னேரக் கோச்சி பார்க்க எப்போதும் வந்து பிளாட்போம் வாங்கில், அந்த நீள மர இருக்கையில், இருப்பானே, அவனைத்தான். அசையாமல் இருக்கிற ஆளைப் பார்த்துச் செய்வது சுகம். அவன் வந்து பார்த்து, "ஐயா, என்ரை வண்டியைக் குறைச்சுப் போட்டியள்" என்று வயிற்றைத் தடவிச் சிரித்தான். அதன்பின் ஊர் முழுக்க வந்தது. ஊர் அதிகாரம் பார்க்கிற விதானையார் வந்து தன் பொம்மைக்குத் தோளில் சால்வை கேட்டார். பாலத்தடிக் கடை மம்மது காக்கா தன் கடைக்கு முன்னால் தானே நிற்கவேண்டும், மற்றவர்கள் அவரைப் பார்த்தபடி நிற்கவேண்டும் என்றார். பொங்கலுக்கு வந்த நீயும் கேட்டாய். தகரப் பெட்டியோடு உன்னைப் பிளாட்போமில் நிறுத்தினேன்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் என்பதால் மெயில் போகும்போது வீடே நடுங்கும். மேசையும் நடுங்கும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் என் ஆட்கள் ஒரு மயிரிழை நகர்வார்கள். அதைத் திருத்தி வைப்பது என் வழக்கம். விதானையார் எங்கே நிறுத்தினாலும் கள்ளுத் தவறணைப் பக்கமாகத்தான் நகர்ந்தார். இதை நான் பலரிடம் சொல்லி மகிழ்ந்தேன். மம்மது காக்கா நகரவே மாட்டார். நீ விழுந்துவிடுவாய், பெட்டி பாரம். இராசையாவோ நகர்வதில்லை, திரும்புவான். தண்டவாளத்தைப் பார்க்க இருத்திவிட்டுப் போனால், வந்து பார்க்கும்போது முகம் காட்டுப் பக்கம் இருக்கும். பசை போட்டு ஒட்டினேன். வாங்கோடு சேர்ந்து திரும்பினான். அதிர்வுதான், வேறென்ன என்று அம்மாவிடம் சொன்னேன். "ஓம், அதிர்வுதான்" என்றா. ஆனால் அதன்பின் தனியாக அந்த அறைக்குள் தூசி தட்டப் போவதை விட்டுவிட்டா.

மாரி முடிந்த கையோடு இராசையாவின் எருமை ஒன்று காட்டுக்குள் போய்விட்டது. அவன் தேடிப் போனான். எங்கள் பக்கத்து வழக்கப்படி காட்டோரப் பிள்ளையார் மரத்தடியில் ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். தேடிப் போனவர்கள் அந்தக் குழையைப் பார்த்தார்கள். போய் எத்தனையோ நாள் கழிந்தும் அது வாடாமல் கிடந்தது என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் எருமை திரும்பி வந்ததைப் பார்த்தேன். நல்ல வெயிலில், தண்டவாளத்தின் நடுவால், ஒரு கீறல் இல்லாமல் நடந்து வந்தது. கழுத்தில் கயிறு இருந்தது. அந்தக் கயிற்றை யாரோ கட்டி, யாரோ கொஞ்சத் தூரம் பிடித்துவந்து, பிறகு விட்டிருக்கவேண்டும். முடிச்சைப் பார்த்துவிட்டு அவன் மனைவி பறுவதம், "இது அவர் போடுற முடிச்சுத்தான்" என்றாள். ஊரே காட்டுக்குள் இறங்கித் தேடியது. உடுப்பு இல்லை, எலும்பு இல்லை, கழுகு வட்டமிடவில்லை. இராசையா இல்லை.

பறுவதத்தை உனக்குத் தெரியும். பிள்ளைகள் இல்லை, ஒற்றை நாடி உடம்பு, கதைத்தால் வாய்க்குள்ளேயே முடித்துவிடுவாள். மாதங்கள் போயின. இராசையாவின் தமையன் சின்னத்தம்பி தன் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தான். அதில்தான் பிரச்சினை வந்தது. தம்பி செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் எப்படிப் பந்தற்கால் நடுவது? செத்திருந்தால் வீட்டில் கழியாத துடக்கு, சாவுத் தீட்டு. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டே விட்டார்கள். கிரியையைச் செய்து முடித்தால்தான் கலியாணம் என்ற நிலை. கிரியை செய்தால் பறுவதம் பொட்டை அழிக்கவேண்டும், தாலியைக் கழற்றவேண்டும். அவள் மாட்டேன் என்றாள். சின்னத்தம்பியைப் பொல்லாதவன் என்று நினைத்துவிடாதே. மற்றவர்கள் தேடி அலுத்து வந்தபின்னும் தனியே காட்டுக்குள் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்தவன் அவன்தான். அவனுக்கு ஒரே மகள்.

பறுவதம் மத்தியான நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். உச்சி வெயிலில் ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற நேரம். வந்து உன் அறையில் மேசைக்கு முன்னால் கதிரையில் இருப்பாள். புருசன் உட்கார்ந்திருக்கிற வாங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அம்மா தேத்தண்ணி கொடுப்பா. ஒருநாள், சும்மா இருக்கமுடியாமல், "இவன் எப்பவும் காட்டுப் பக்கந்தான் திரும்பிறான், என்ன செய்தாலும் கேக்கிறானில்லை" என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே, "வழி பாக்கிறார்போல" என்றாள். எந்த வழி, யாருடைய வழி என்று கேட்காமல், சரிந்து கிடந்த உன் பொம்மையை நிமிர்த்தி வைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஐயர் வந்தார். உன் அம்மம்மாவின் அடுத்த திவசம். சாப்பிட்டு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "மாஸ்டர், என்னவோ ஊர் செய்து வைச்சிருக்கிறீராம்" என்று அறைக்குள் வந்தார். குளத்தைப் பார்த்து மெச்சினார். கோழியைப் பார்த்துச் சிரித்தார். தன்னைப்போலவே தொந்தியோடு இருந்த பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதன் காலில் நூல் தேய்ந்து உள்ளே இருந்தது தெரிந்தது.

"உதுக்குள்ள என்ன வைச்சுக் கட்டினனீர்?"

"தர்ப்பைதான் ஐயா. போன வருசம் நீங்கள் விட்டிட்டுப் போனது."

"எல்லாத்துக்குமோ?"

"ஊர் முழுக்க அதுதான்."

அவர் பொம்மையைக் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். "மாஸ்டர், போனவன்ரை உடம்பு கிடையாட்டில் என்ன செய்வினம் எண்டு உமக்குத் தெரியாதோ? தர்ப்பையில உருச் செய்து, அதை அவனாக வைச்சு எரிப்பினம். தர்ப்பையில ஆளைச் செய்யிறது அதுக்கு மட்டுந்தான். உயிரோட இருக்கிற ஒரு ஊரையே நீர் செய்து அடுக்கி வைச்சிருக்கிறீர்."

வாசலில் நின்ற அம்மாவின் கையில் இருந்த செம்பு விழுந்தது.

அந்தச் செய்தி ஊரைச் சுற்றி வர நான் கண் சிமிட்டுகிற நேரம்கூட எடுக்கவில்லை. ஐயர் தன்னுடையதை மடியில் கட்டிக்கொண்டு போனார். அன்று பின்னேரமே விதானையார் வந்து, ஒன்றும் நடவாததுபோல மழையைப் பற்றிக் கதைத்து, போகும்போது தன்னை எடுத்துச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். மம்மது காக்கா, "எங்கட மார்க்கத்தில உதெல்லாம் ஒண்டுமில்லை, மாஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன்னைச் சட்டைப் பையில் போட்டார். தாய்மார் வந்து பிள்ளைகளை எடுத்தார்கள். போட்டர் தன்னை எடுத்துக்கொண்டு கோழியைத் தட்டி விழுத்திவிட்டுப் போனான். அம்மா உன்னை எல்லோருக்கும் முன்னமே எடுத்துவிட்டா. பிளாட்போமில் உன் பெட்டி மட்டும் கிடந்தது. உன்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நூலை அவிழ்த்து, பசையைக் கழுவி, புல்லைப் புல்லாகப் பிரித்துக் குளத்தில் விட்டா. அவ்வளவு நேரமும் உன் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தா. ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை, நீ அங்கே நிற்கவில்லை. உன்னை அம்மா அவிழ்த்துவிட்டா. நீ போக வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

அடுத்த நாள் காலையில் அந்த அறைக்குள் போனேன். மகன், ஆட்களை எடுத்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கிணற்றில் வாளி தொங்குகிறது, அள்ள ஆளில்லை. கடை திறந்திருக்கிறது. வண்டியில் மாடு பூட்டியிருக்கிறது, ஓட்ட ஆளில்லை. வயலில் கதிர் நிற்கிறது. ஒரு வீட்டு முற்றத்தில் நான் ஆசையாகச் செய்த விளக்குமாறு, கூட்டிக்கொண்டிருந்த கை எங்கேயோ போனதுபோலச் சரிந்து கிடந்தது. எங்கள் ஊரை அப்படி நான் கண்டதில்லை. காணவும் கூடாது என்று கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் கும்பிடுகிற ஆளில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த வெறும் ஊரில் ஒரே ஓர் ஆள் இருந்தான். வந்து தன்னை எடுத்துப்போக முடியாத ஆள். இராசையா, வாங்கில், காட்டைப் பார்த்தபடி.

சின்னத்தம்பிக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. ஐயரைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தான். பறுவதம் வழக்கம்போலக் கதிரையில் இருந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டுப் படியில் தயங்கினான். பிறகு உள்ளே வந்தான்.

"மாஸ்டர், ஐயர் சொல்லுறார் ஒருத்தனுக்கு ஒரு உருத்தானாம். செய்தது இருக்க வேறை செய்யேலாதாம். அதைத் தாங்கோ. நாளைக்குக் குளக்கரையில வைச்சு முடிச்சுவிடுவம்."

"முடிக்கிறதோ?" என்றாள் பறுவதம்.

"பிள்ளை, எனக்கும் அவன் தம்பி. எனக்கு என்ன ஆசையோ? அவள் பெடிச்சியின்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு."

"உங்கட மகள் எனக்கும் மகள்தான், அத்தான். நான் கலியாணத்தைக் குழப்ப வரேல்லை. ஆனால் ஆளைக் காணாமல் ஆளை எரிக்காதேங்கோ."

"காணமாட்டம், பிள்ளை. அவன் இல்லை. எனக்குத் தெரியும், அவன் இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பொம்மை என் மேசையில் இருந்ததால். நானோ காட்டில் சரிந்து நின்ற ஒரு சுள்ளியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். வாய் ஓயாத உன் அப்பனுக்கு ஒரு சொல் தேவைப்பட்ட நேரத்தில் சுள்ளிதான் கையில் அகப்பட்டது. நீ அப்படி இராதே. திக்கித் திக்கிக் கொன்னையாக வந்தாலும் ஒரு சொல்லைச் சொல்.

பறுவதம் எழும்பினாள். "ஐயா, இவர் ஒருநாளும் கோச்சியில ஏறினதில்லை. பாக்கத்தான் வாறவர். குடுக்கிறதெண்டால் குடுங்கோ. அதுக்கு முன்னம் ஒருக்கா ஏத்திவிடுங்கோ."

சின்னத்தம்பி மறுக்கவில்லை. பறுவதமே பொம்மையை வாங்கில் இருந்து கழற்றிக் கடைசித் திறந்த பெட்டியில் வைத்தாள். ஒட்டவில்லை, சும்மா வைத்தாள். இந்தமுறை முகம் போகிற திசையைப் பார்த்திருந்தது. நான் சாவி கொடுத்தேன். கோச்சி ஸ்டேசனை விட்டது. ஆளில்லாத வீடுகளைத் தாண்டி, கண்ணாடிக் குளத்தில் தலைகீழாகத் தெரிந்து, காட்டுக்குப் பின்னால் போனது. சில்லுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

சாவி முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முழுச் சாவி கொடுத்தால் பல சுற்று ஓடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன். கையை நீட்டி எடுக்க எழும்பினேன். அந்த நேரம் காட்டுக்குப் பின்னால் திரும்பவும் சில்லுச் சத்தம் கேட்டது. மெல்லத் தொடங்கி, உண்மையான கோச்சி ஸ்டேசனை விட்டு எடுப்பதுபோல, ஒவ்வொரு தட்டாகக் கூடிக்கொண்டு வந்தது. மகன், சாவிக் கோச்சி நின்றால் நின்றதுதான். தானாக நிற்கவும், தானாக எடுக்கவும் அதற்குத் தெரியாது. அது மற்றப் பக்கத்தால் வெளியே வந்து எங்கள் முன்னால் போனது. கடைசிப் பெட்டி வெறும் பெட்டி.

முதலில் வாய் திறந்தவன் சின்னத்தம்பி. காட்டைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாததுபோல, "இறங்கிட்டான்" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். நான் பலகையை இழுத்துப் பார்த்தேன். தண்டவாளத்தில் இல்லை. சுவரோரத்தில் இல்லை. மேசைக்குக் கீழே காய்ந்த பல்லி ஒன்றும், நான் மாதக்கணக்காகத் தேடிய ஒட்டுக் கத்தியும் கிடந்தன. ஐயர் தானே குனிந்து, குடுமி தூசியாகத் தேடினார். எலி கொண்டுபோயிருக்கும், மாப்பசை வாசம் எலிக்கு ஆசை என்று அம்மா பிறகு சொன்னா. இருக்கலாம். நான்தான் ஏதோ வித்தை செய்து ஒளித்தேன் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். என் சரித்திரத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லமுடியாது. ஆனால் நான் ஒளிக்கவில்லை. உன்மேல் ஆணை என்று எழுத வந்தேன். நீ பயணம் போகிற நேரத்தில் ஆணை வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டா.

ஐயர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "சின்னத்தம்பி, செத்தவனுக்குத்தான் நான் கிரியை செய்வன். இறங்கினவனுக்கு என்ன செய்யிறது?"

"நான் ஏதோ வாய் தவறி..."

"தமையன் வாயால வந்தது. இனி நான் தொடமாட்டன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வந்து சொல்லுறன், துடக்கில்லை எண்டு."

கலியாணம் நடந்தது. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது பந்தலில் கொஞ்சம் குசுகுசுப்பு எழும்பியது. சின்னத்தம்பி தானே போய், பின்னால் தூணோடு நின்ற பறுவதத்தின் முன்னால் நின்று, "வா பிள்ளை, நீயும் எடு" என்றான். அவள் தட்டைப் பிடித்தாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது. தட்டில் இருந்த சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே எரிந்தது என்று பெண்கள் கதைத்தார்கள். பந்தலில் காற்று இருந்தது என்று நான் சொன்னேன். காற்று இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

இப்போது நீயும் ஒரு காட்டுக்குப் பின்னால் போகிறாய். தண்ணீர்க் காடு என்பதுதான் வித்தியாசம். போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் சொல்லிக் கேட்கிறவன் என்றால் நீ என் மகனே இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இறங்குகிற இடத்தில் எல்லாம் இரண்டு வரி எழுதிப் போடு. சுகமாக இல்லாவிட்டாலும், சுகமில்லை என்று எழுது. வேலை போனால் போனது என்று எழுது. வெள்ளைக்காரியைக் கட்டினால் அதையும் எழுது, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். செய்தி இல்லாத ஆளைப் பற்றிச் சொந்தக்காரர் என்ன முடிவெடுப்பார்கள் என்று நான் கண்ணால் கண்டேன். அவர்கள் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. அவர்கள் வீட்டிலும் கலியாணம் வரும், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற ஒருத்தி எவ்வளவு நாளைக்குத் தனியே பிடித்துக்கொண்டிருப்பாள், சொல்.

மேசையைப் பிரித்துவிடுவோம் என்று நான் சொன்னபோது, வேண்டாம் என்றது அம்மாதான். "அங்கை இறங்கினவர் இருட்டுக்க நிக்கிறார். பிரிச்சால் எங்கை போவார்? ஒரு ஸ்டேசனைக் கட்டுங்கோவன்" என்றா. அப்படித்தான் இந்த இரண்டு மாதமாகக் காட்டுக்குப் பின்னால், ஒருவரும் பார்க்கமுடியாத அந்தத் துண்டுப் பலகையில் வேலை செய்கிறேன். கை மட்டும் போகிற இடம். தடவித் தடவித்தான் செய்யவேண்டும். பிளாட்போமுக்குச் சல்லி போட்டேன். ஒரு வாங்கு. ஒரு தண்ணீர்ப் பானை, மூடியும் குவளையும் உண்டு. கூரைக்குத் தகரம். என் வாழ்நாளில் அளவு சரியாக வந்த ஒரே வேலை அதுதான், பார்க்க ஆளில்லை. ஆட்கள் ஒருவரையும் செய்யவில்லை. இனிச் செய்யவும் மாட்டேன்.

நேற்று மத்தியானம் பறுவதம் வந்திருந்தாள். பெயர்ப் பலகை ஒன்று செய்து, வெள்ளை அடித்து, மயிர்த் தூரிகையைக் கறுப்பு மையில் தோய்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர்ப் பெயரை எழுதலாம் என்று அவளிடம் கேட்டேன். பலகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஐயா," என்றாள். "ஒரு விளக்கு மட்டும் வைச்சுவிடுங்கோ."